நிற்காத கட்டைவிரல்

பார்த்துப் பார்த்துத் தலை கனத்துப்போனதால், இரண்டு போனையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, தணிகாசலமும் மரகதமும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாமென்று கண்மூடி உட்கார்ந்தார்கள். மரகதத்துக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. கண்ணைத் திறந்தால், போனில் தள்ளுவதுபோலவே கணவனின் கட்டைவிரல் வெறுங்காற்றை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

“விரல ஆட்டாம இருங்களேன்.”

“நான் எங்கடி ஆட்டுறேன்?”

அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் உள்ளங்கையையும் தள்ளியது. மூடிய இமைக்குள் அவன் கண்கள் ஓடின. திடீரென்று சிரித்தான், சிரிப்பு உடனே அணைந்தது.

“என்னங்க தெரியுது?”

“இப்பதான் நீ வந்த. போயிட்ட.”

“திருப்பிக் கீழ இழுங்க. நான் வர்ற வரைக்கும் இழுங்க” என்று, பாவம், அவள் அந்த விரலை இரண்டு கையாலும் இழுத்தாள். விரல் மேலேதான் போய்க்கொண்டிருந்தது.