பூட்டின் வயது

மைசூரு ஹெப்பாளில் உலோகப் பூச்சுப் பரிசோதனைக்கூடம் நடத்தும் சுசித்ராவிடம் வெட்டி உடைத்த ஒரு பூட்டை நீட்டினார் இன்ஸ்பெக்டர் மாணிக்கவாசகம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அறிவியலின் மேல் நம்பிக்கை இன்னும் குறையாமல் இருந்தார்.

"முந்தாநேத்து பரத்னு ஒருத்தரோட ஜவுளிக்கடையில திருட்டுங்க மேடம். பக்கத்துல கட்டட வேலை பார்க்கற ஜடையனைப் பிடிச்சு வச்சிருக்கோம். அவன் இல்லைன்னு சாதிக்கிறான். கடை வாசல்ல கிடைச்சதுன்னு நம்ம ஏட்டு கொடுத்த பூட்டு இது."

"சும்மா எதுக்கு சார் இதெல்லாம்? ரெண்டு தட்டு தட்டினா ஒத்துக்குவான்" என்றார் கூட வந்த ஹெட் கான்ஸ்டபிள் கெம்பையன்.

வாசலில் ஜடையனின் மனைவி நஞ்சம்மா நின்றிருந்தாள். கோபிநத்தத்திலிருந்து பிழைக்க வந்தவள். காலையிலிருந்து போலீஸ் ஜீப்பின் பின்னாலேயே ஆட்டோவில் அலைகிறாள்.

சுசித்ரா பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு மேல மெல்லிசா துத்தநாகப் பூச்சு இருக்கு சார். அதை வெட்டினா, வெட்டுன இடத்துல காத்து பட்டு ஆக்ஸைடு படியும். அந்தப் படலத்தை அளந்தா எப்ப வெட்டினாங்கன்னு ஏறக்குறைய சொல்லிடலாம்."

மதியம் முடிவு வந்தது.

"இது முந்தாநேத்து வெட்டினது இல்ல சார். ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்."

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "கடையைத் திறந்தே ஆறு மாசம்தான் ஆச்சு. அப்ப, பழைய பூட்டைப் போட்டுட்டு இன்ஷூரன்ஸுக்காக பரத்தே நாடகம் ஆடியிருக்கார்."

ஸ்டேஷனுக்குப் போன் செய்து ஜடையனை விட்டுவிட்டு பரத்தை அழைத்து வரச் சொன்னார். நஞ்சம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அரைமணியில் ஜீப்பில் வந்து இறங்கிய பரத் பூட்டைப் பார்த்து விழித்தார். "என் கடைக்குப் போட்டிருந்தது பித்தளைப் பூட்டு சார். இதை நான் பார்த்ததே இல்ல."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. பூட்டு பொய் சொல்லாது, ஏறுங்க வண்டியில" என்ற இன்ஸ்பெக்டர், உற்சாகத்தோடு சுசித்ராவிடம் திரும்பினார். "இனிமே எந்த நிரபராதியும் உள்ள போகக்கூடாது மேடம். ரெண்டு வருஷத்துல எங்க ஸ்டேஷன்ல முப்பது திருட்டு கேஸ். முப்பது பூட்டையும் நாளைக்கே கொண்டு வரேன், அளந்துடுங்க."

கெம்பையன் இன்ஸ்பெக்டரை மெதுவாக ஓரமாய் அழைத்துப் போனார்.

"முப்பது இல்லீங்க சார்... முப்பது கேஸுக்கும் நாங்க காட்டினது இந்த ஒரு பூட்டுதான்."