தூக்காத கை

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கிளெனிஸ், ராஸ், மெர்வ். ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் ஊரில் மூவரும் சேர்ந்து பங்கு வாங்கும் குழு அது. மூன்று கையும் உயர்ந்தால்தான் வாங்குவார்கள்.

"கடலலையில மின்சாரம் எடுக்கிற கம்பெனி. பங்கு நாலு சென்ட்தான். வீட்டை அடமானம் வச்சாவது போடணும்" என்று கிளெனிஸ் கை தூக்கினார். மெர்வும் தூக்கினார்.

ராஸ் தூக்கவில்லை.

"என்ன மேட், கை சுளுக்கிக்கிச்சா?"

"மின்சாரம் எடுக்க அவங்க கடல்ல விடுற மிதவை ஒரு புயலுக்குத் தாங்காது, கிளெனிஸ்."

"பயந்தாங்கொள்ளி! பாங்க்ல போட்டுட்டுப் போர்த்திட்டுத் தூங்கு." கிளெனிஸ் கையை இறக்கி, லாமிங்டன் கேக்கைக் கடித்தார். "சரி, போகட்டும். வீடாவது மிஞ்சுச்சு. சாயங்காலம் போய் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தணும்."

ராஸ் எழுந்தார். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் வாசல்வரை கூட வந்தாள்.

"வாராவாரம் இதே கூட்டமா?"

"அடுத்த வாரம் மறந்துடுவா. திரும்பவும் கேப்பா."

"அந்தக் கம்பெனி?"

"திவாலாகி வருஷக்கணக்காச்சு. அவ வீடும் அதோட போச்சு. அன்னைக்கு நான் கையைத் தூக்கிட்டேன்."

அவர் வெளியே வந்ததும், மறதி நோய்ப் பிரிவின் கதவைச் சாத்தி நர்ஸ் உள்ளேயிருந்து பூட்டினாள்.