இசியோவின் சேவல்

பெட்டிக்கடைக்குள் நுழையும்போதே நர்ஸ் ஜோவலினின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"புரிங் அக்கா, எங்க சுகாதார நிலையத்துக் கம்ப்யூட்டர்ல பாதி ஊருக்கு உங்க போன் நம்பர்தான் இருக்கு. அது எப்படி?"

கடைக்காரி புரிங் கருவாட்டைப் பொட்டலம் கட்டியபடியே சிரித்தாள்.

"இந்த மலையில சிக்னல் என் கடை வாசல்லதானே கிடைக்குது நர்ஸம்மா. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க நம்பர் கேட்டப்ப, எல்லாரும் என்னோடதைக் குடுத்துட்டாங்க. ஊசி நாள், பரிசோதனை நாள் எல்லாத்துக்கும் மெசேஜ் எனக்குத்தான் வரும்."

"வந்தா?"

"சொல்லிடுவேன்."

சொன்ன கையோடு, தெருவில் போனவளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அடியே லிலேங்! நாளைக்கு உனக்கு மாசப் பரிசோதனை! புருஷனை வண்டி எடுக்கச் சொல்லு!"

கடையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். லிலேங் வெட்கத்தோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

ஜோவலினுக்குப் பகீரென்றது. நோயாளியின் விவரம் வெளியே கசியக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இங்கே ஊருக்கே ஒலிபெருக்கி வைத்தாயிற்று!

உடனே இசியோவின் ஞாபகம் வந்தது.

திருவிழா என்றால் முழுப் பன்றியைத் தீயில் வாட்டிச் சுட இசியோவைத்தான் கூப்பிடுவார்கள். அதுதான் அவர் பிழைப்பு. அவருக்குக் காசநோய். மருந்து சாப்பிட்டு வருவதால் இப்போது யாருக்கும் தொற்றாது. ஆனால் அதையெல்லாம் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? விஷயம் தெரிந்தால் ஒரு வீட்டு அடுப்பங்கரையிலும் சேர்க்க மாட்டார்கள்.

குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இசியோ அண்ணனுக்கு வர்ற மெசேஜும்..."

"அந்த ஆள் பேச்சை எடுக்காதீங்க!" புரிங் வெடித்தாள். "அவன் சேவல் என் வெங்காயப் பாத்தியையே கிளறி நாசம் பண்ணுது. காலையிலகூட மேட்டுல இருக்கற அவன் வீட்டைப் பாத்து நல்லாக் கேட்டேன் நாலு வார்த்தை!"

"மாசாமாசம் இந்தச் சேவல் பஞ்சாயத்துதான்," என்றாள் கருவாடு வாங்க வந்தவள்.

இவளிடம் பேசிப் புண்ணியமில்லை என்று ஜோவலின் விறுவிறுவென்று மேடேறினாள்.

இசியோ சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அட, காலையிலயே சேதி வந்துடுச்சு, நானே மாத்திரை வாங்கத்தான் கிளம்பறேன். திருவிழாவுக்கு முன்னாடி வைத்தியம் முடிஞ்சுடும்ல? ரெண்டு வீட்டுல பன்னி சுடக் கூப்பிட்டிருக்காங்க."

"முடிஞ்சுடும் அண்ணே." என்றாள் ஜோவலின். "ஆனா உங்க பேருக்கு நேரா இருக்கற புரிங் அக்கா நம்பரை இன்னிக்கே மாத்திடறேன். அந்தக்கா வாய் சும்மா இருக்காது. உங்களோட சண்டை வேற. ஏதாவது ஒரு கோபத்துல ஊருக்கே சொல்லிடுவாங்க."

"ஐயையோ, மாத்திடாதேம்மா! நான் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாம இருக்கேன்னா, அது அவளாலதான்."

"உங்க சேவலைத் திட்டவே அவங்களுக்கு நேரம் போதலை. இதுல மருந்தைப் பத்தி எப்பச் சொல்றாங்க?"

இசியோ வாய்விட்டுச் சிரித்தார்.

"எந்தச் சேவல்மா? நான் ஒரு கோழிக்குஞ்சுகூட வளக்கலையே!"