முதுகுக்குப் பின்னால் ஒரு தாளம்

"வேண்டாம் தம்பி. போகச் சொல்லு."

ஐந்தாவது டிரம்மர் வாசிக்க ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு அவருக்கு முதுகு காட்டி நின்றிருந்த அண்ணி, வெடுக்கென்று திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், கிட்டாரின் சத்தத்தைக் குறைத்துவிட்டாள்.

பாவம், அந்த மனுஷன் மியூசிக் ஸ்கூலில் பத்து வருஷமாக டிரம்ஸ் சொல்லிக்கொடுப்பவர். குச்சிகளைப் பையில் போட்டபடி, "எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றார்.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்றாள் அண்ணி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. லிஃப்டில் மாடி நம்பர் சொல்லுமே, அந்தக் குரல்.

கீபோர்டு வாசிக்கும் கொழுந்தன் அப்படிக் கூப்பிடுவதால் பேண்டில் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். பேண்டின் டிரம்மராக இருந்தவர் அவள் புருஷன். ஆறு வாரத்துக்கு முன்னால், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணி அழவே இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஃபங்க் என்கிற அந்த ஆட்டம் போடவைக்கும் இசையில் அவள் புருஷனைத் தொட ஆளில்லை. முதல் அடியைத் தரையில் ஊன்றுவார். அடுத்த அடி இதோ விழப்போகிறது என்று உடம்பு காத்திருக்கும். மயிரிழை தாமதமாகத்தான் போடுவார். நடுவில் இடது கை மட்டும் கேட்டும் கேட்காமலும் மெல்லத் தட்டி முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

பேண்டில் அவருக்குப் பட்டப்பெயரே லேட் கடிகாரம். அந்த லேட்டைக் கற்றுக்கொள்ளத்தான் ஊரில் குச்சி பிடித்த ஒவ்வொருவரும் அவர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

இன்றைக்கு ஆறு மணிக்குள் புது டிரம்மர் யாரென்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஹோட்டல் மேனேஜர் சனிக்கிழமைக் கச்சேரிக்கு வேறு பேண்டைக் கூப்பிட்டுவிடுவார். அந்த மேடையும் போனால் பேண்டைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போகவேண்டியதுதான்.

"தப்பு இல்லேன்னா ஏன்யா அனுப்பணும்?" என்று கிசுகிசுத்தார் குண்டு சாக்ஸபோன்காரர்.

"உங்களுக்குப் புரியாதுண்ணே" என்றான் கொழுந்தன். "பத்தொம்பது வருஷம் அதே இடத்துல அண்ணனுக்கு முதுகு காட்டி நின்னாங்க. ஒரு தடவகூடத் திரும்பினதில்ல, அவ்வளவு நம்பிக்கை. இப்ப திரும்புறாங்கன்னா எங்கயோ தாளம் உதைக்குதுன்னு அர்த்தம். நம்ம காதுக்குத்தான் தெரியல."

"அப்ப என் காது கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்தான்னு சொல்லு."

ஆறாவதாக வந்தவள் கப்பலில் வாசிக்கும் பெண். உட்கார்ந்தாள், ஸ்டூலைக் கொஞ்சம் இறக்கினாள், ஆரம்பித்தாள். முதல் அடி ஊன்றியது. அடுத்தது தாமதித்து விழுந்தது. இடது கை முணுமுணுத்தது. சாக்ஸபோன்காரர் வாயில் வைத்த குழலை ஊத மறந்து நின்றார்.

அண்ணி திரும்பினாள். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"வேண்டாம் தம்பி."

"அண்ணி! விளையாடறீங்களா?" கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு மேல யாராலயும் அண்ணன் மாதிரி வாசிக்க முடியாது!"

"முடியாதுதான்" என்றாள் அண்ணி. "வேற யாராச்சும் இருக்காங்களா?"

வேறு யாரும் இல்லை. சாக்ஸபோன்காரர் நாலு பேருக்குப் போன் போட்டு, ஐந்தரை மணிக்கு ஒரு டயர் கடைக்காரரைப் பிடித்து வந்தார். நகத்தில் கறுப்பு மையோடு வந்து நின்றார் அவர்.

"எங்க அண்ணன் வாசிச்சுக் கேட்டிருக்கீங்களா?" என்றான் கொழுந்தன்.

"இல்லீங்க, மன்னிச்சுக்கங்க. நமக்கு ராக் பாட்டுதான் பழக்கம்."

"வெளங்கிரும்" என்றார் சாக்ஸபோன்காரர், சுவரைப் பார்த்து.

டயர் கடைக்காரர் வாசித்தார். டக்கு டக்கென்று நேர்கோடு. தாமதமும் கிடையாது, முணுமுணுப்பும் கிடையாது. சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. அண்ணியின் விரல் இரண்டு இடத்தில் தடுமாறி, பிறகு வழி கண்டுபிடித்துக்கொண்டது. முழுப் பாட்டும் முடிந்தது. சுவரைப் பார்த்து நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுங்க" என்றாள்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் கொழுந்தன் வெடித்தான்.

"இவரா? இந்த ஆளா? அச்சு அசல் அண்ணன் மாதிரி ஆறு பேர் வாசிச்சாங்க, ஆறு பேரையும் விரட்டிட்டீங்க. அவருக்குச் சமமா இன்னொருத்தர் இருந்துடக் கூடாது, அதானே? அவ்வளவு கர்வமா அண்ணி உங்களுக்கு?"

அண்ணி கிட்டாரின் வயரை முழங்கையில் வளைத்து வளைத்துச் சுற்றினாள். பாதியில் கை நின்றது.

"ஆறு தடவையும் அவர்தான்னு திரும்பிட்டேன் தம்பி."