கடையில் வாங்கிய குக்கர்

ஆன்லைனில் யார் எதை வாங்கினாலும் வீட்டில் எல்லோருடைய போனுக்கும் தகவல் போய்விடும். எதற்காக வாங்குகிறார்கள் என்பதையும் ஆப்பே ஊகித்துச் சொல்லிவிடும். வான்மதியின் தோழி ஒருத்தி, ஒருவருக்கு மட்டும் சமைக்கிற சின்னக் குக்கரைத் தேடிப் பார்த்தாள், அவ்வளவுதான். "உங்கள் மனைவி தனியாகப் போகிறாரா?" என்று ஆப் அவள் கணவனிடமே கேட்டுவிட்டது.

அதனால்தான் வான்மதி போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, திருச்சி பெரிய கடைவீதியில் மிச்சமிருந்த ஒரே பாத்திரக்கடைக்கு வந்தாள். முந்தின நாள் அவள் கணவன் குணசீலன் வீசிய தட்டு காதை உரசிக்கொண்டு போயிருந்தது. நிலைகொள்ளாமல் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை பேருக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு ஆளுக்கு."

"இப்பதான் அந்தம்மாவும் அதையே கேட்டாங்க. கடைசிப் பீஸு அவங்க கையில இருக்கு."

அடுக்குகளுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்ற பெண் திரும்பினாள். குணசீலனின் அம்மா சொர்ணம்.

"அத்தை, இது யாருக்கு?"

"எனக்குத்தான்." சொர்ணம் மருமகளின் காதோரக் கீறலைப் பார்த்தாள். "அவங்கப்பாகிட்ட நான் பட்டது போதாதா? பெத்த மகன்கிட்டயும் படணுமா?"

பிறகு சொர்ணம் சின்னக் குக்கரைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"இது வேண்டாம்ப்பா. ரெண்டு பேருக்கு ஆகிற மாதிரி ஒண்ணு எடு. சீக்கிரம்."