கை குத்தாத கொப்பு

கடல் உறைந்துவிட்டால், காடு மூடிய அந்தத் தீவிலிருந்து கரைக்குப் போகப் பனிக்கட்டி மேல் நடக்கவேண்டும். அடியில் நீரோட்டம் உள்ள இடங்களில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். அவற்றைச் சுற்றிப் போகும் பாதை நெடுக ஊர்க்காரர் மரக்கொப்புகளை அடையாளமாக நடுவார்கள். இம்முறை வாகீசனின் முறை. ஊர்க்காரர் வழக்கமாக வெட்டும், கையைக் குத்துகிற மரத்தை விட்டுவிட்டு, வீட்டோரம் நின்ற மெல்லிலை மரத்தில் வெட்டி நட்டான். புதிதாக வந்தவனுக்கு இரண்டும் ஒரே பச்சைதான்.

காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருந்து வாங்க அவன் காலையில் கரைக்குப் போயிருந்தான். யன்னலருகே குழந்தையை மடியில் வைத்திருந்த அவன் தங்கை கத்தினாள்: "மச்சாள், மான்கள் கொப்பைத் தின்னுதுகள்!"

வாகீசனின் மனைவி நிரோஜினி சட்டியைத் தட்டிக்கொண்டு ஓடினாள். விலா தெரிய மெலிந்திருந்த மான்கள் நிமிர்ந்து பார்த்தன, விலகவில்லை. ஒன்றை விரட்டினால் இன்னொன்று அடுத்த கொப்பைப் பிடுங்கியது. மூடுபனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. பாதை வளையும் இடத்தில் மட்டும் ஒரு கொப்பு மிச்சம் இருந்தது. அவள் போய்ச் சேரும்போது ஒரு பெண்மான் அதையும் பிடுங்கிவிட்டது.

மூடுபனிக்குள்ளிருந்து வாகீசனின் குரல் வந்தது. "ஆர் அங்கே? கொப்பு ஒண்டையும் காணேல்லை!"

கொப்பு நின்ற குழியில் குதிக்காலை ஊன்றி, கைகளை அகல விரித்தாள் நிரோஜினி.

"நான்தான் இப்ப கொப்பு! என்னைப் பாத்து வாங்கோ!"

பெண்மான் நெருங்கி வந்து, அவளுடைய பச்சைச் சால்வையின் நுனியைக் கவ்வி இழுத்தது. அவள் கையை அசைக்கவில்லை.