செவ்வாய்க்கிழமைக் காலடிகள்

மாலை நான்கு மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. சோபாவில் சாய்ந்தபடி வேய்க்கோ இன்றைய மூன்றாவது படத்தைப் பார்க்கிறான். திரையின் நீல வெளிச்சம் அவன் கம்பளிக் காலுறைகளின் மேல் அசைகிறது. "உன் நாவல் பனியிலயே புதைஞ்சிடும் போல," என்கிறாள் வேலையிலிருந்து திரும்பிய மனைவி தூலிக்கி. "வசந்தத்துல உருகி வெளிய வந்துடும், விடு. நாளைக்கு எழுதறேன்." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஐலா, மருத்துவமனையில் தான் கிடந்த மாதங்களை அப்பா புத்தகத்தில் எழுதினால் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஹெல்சிங்கிக்கு ரயில் ஏறினாள். எழுதமாட்டேன் என்று வேய்க்கோ அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து படமாகப் பார்த்துத் தள்ளுகிறான். தூலிக்கி காப்பிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலுக்குப் போகிறாள். முற்றத்து விளக்கடியில் பனி சத்தமில்லாமல் இறங்குகிறது. தோட்டத்துக் கோடியில் நீராவிக் குளியல் குடில். சனிக்கிழமை மட்டும்தான் அதில் அடுப்பு மூட்டுவார்கள். இன்று செவ்வாய். ஆனாலும் பின்வாசலிலிருந்து குடில்வரை பெரிய காலடிகள் போய்த் திரும்பியிருக்கின்றன. பனி அவற்றைப் பாதிதான் மூடியிருக்கிறது. குடிலின் முன்னறையில் உட்கார்ந்து எழுத ஒரு மேசை உண்டு. கூடத்தில் படத்தின் ஆட்கள் சிரிக்கிறார்கள். வேய்க்கோ சற்றுத் தாமதமாகச் சிரிக்கிறான். அவள் வந்து, படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு, திரைக்கு முன்னால் நிற்கிறாள்.

"ஐலாவைப் பத்தி ஒரு வரிகூட எழுதலேன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லு, வேய்க்கோ."